ரிவர்சைடு கவுண்டியில் வீடு பார்க்கிறோம்: ஊர் எப்படி?

அர்வைன்_வாடகை

வணக்கம். கலிஃபோர்னியாவில், ஆரஞ்சு கவுண்டியைச் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) சேர்ந்த அர்வைனில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை ஏறுகிற வேகத்தில் இந்த ஊரில் சொந்த வீடு என்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. வீட்டு முகவர் பக்கத்து ரிவர்சைடு கவுண்டியில் ஈஸ்ட்வேல், கொரோனா, ரிவர்சைடு, மெனிஃபி என்று தினமும் படங்களாக அனுப்புகிறார். எங்கள் பட்ஜெட்டுக்கே நாலு படுக்கையறை, கொல்லைப்புறம், இரண்டு கார் ஷெட்! ஆனால் அலுவலகத்தில் சொன்னால் "அங்கேயா?" என்று முகம் சுளிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அங்கேயே இருப்பவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன். பள்ளிகளின் மதிப்பெண் பட்டியல் வேண்டாம், அதை நானே பார்த்துவிட்டேன்.

மாக்னோலியா_சாலை

வாங்க. நான் ரிவர்சைடு நகரத்துக்குள்ளேயே நெடுங்காலமாக இருப்பவன். ஊர்ப்பாசம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

"ரிவர்சைடு கவுண்டி எப்படி?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பரப்பு ஏறத்தாழ 7,200 சதுர மைல், கேரளாவில் கிட்டத்தட்டப் பாதி. மேற்கே ஆரஞ்சு கவுண்டி எல்லை. கிழக்கே கொலராடோ ஆறு, ஆற்றைத் தாண்டினால் அரிசோனா. கொரோனாவில் கிளம்பி ஆற்றங்கரையில் இருக்கும் பிளைத் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும், அப்போதும் அதே கவுண்டியில்தான் இருப்பீர்கள். நடுவில் 10,834 அடி உயரத்தில் சான் ஹசின்டோ சிகரம். மலைக்கு மேற்கேதான் ஜனத்தொகையில் பெரும்பகுதி. கிழக்கே பாம் ஸ்ப்ரிங்ஸ், பேரீச்சந்தோப்புகள், அப்புறம் வெறும் பாலைவனம். வரி கட்டும் அலுவலகம் ஒன்று, ஷெரிஃப் ஒருவர். அதற்கு மேல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது அதிகமில்லை.

1893இல் சான் பெர்னார்டினோ, சான் டியேகோ கவுண்டிகளிலிருந்து பிரித்தெடுத்து உருவாக்கியது இது. 1980 கணக்கெடுப்பில் 6.63 லட்சம் பேர். பத்தே வருடத்தில் 11.7 லட்சம். 2000இல் 15.45 லட்சம், 2010இல் 21.9 லட்சம், 2020இல் 24.18 லட்சம். மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, ஆரஞ்சு கவுண்டிகளுக்கு அடுத்த நாலாவது இடம் நமக்குத்தான். ஆனால் தலைநகரான ரிவர்சைடு நகரம் 2000இல் 2.55 லட்சம், 2020இல் 3.15 லட்சம். நகரம் நிதானமாகத்தான் வளர்ந்திருக்கிறது. பெருத்ததெல்லாம் சுற்றியுள்ள ஊர்கள். மொரினோ வேலி 1984இல்தான் நகராட்சி ஆனது. மெனிஃபி 2008, ஈஸ்ட்வேல் 2010, ஜுரூபா வேலி 2011. அந்த ஈஸ்ட்வேல் இருக்கிற இடம் சமீபகாலம்வரை பால்பண்ணைகள். மாடுகள் போன இடத்தில்தான் உங்கள் முகவர் காட்டும் நாலு படுக்கையறை வீடுகள் முளைத்திருக்கின்றன.

இவ்வளவு பேர் ஏன் வந்தார்கள் என்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கடலோர ஊர்களுக்கு வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆட்கள் குடியிருக்க வீடு கட்ட மட்டும் அனுமதி தரமாட்டார்கள். இங்கே தந்தார்கள். வீட்டு விலையில் மிச்சமாகும் பணத்தை நாங்கள் வேறு வகையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். அது என்னென்ன வகை என்று மற்றவர்கள் சொல்வார்கள், எல்லோரும் வரிசையில் நிற்பது தெரிகிறது.

கணவாயில்_நிற்பவன்

> வேறு வகையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்

91ஆம் நெடுஞ்சாலையில் கட்டுகிறோம் ஐயா, காலையும் மாலையும்.

அர்வைன் நண்பரே, வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே சான்டா அனா மலைத்தொடர். அதில் பெரும்பகுதி தேசியக் காடு, புதிதாகச் சாலை போடுவது லேசில் நடக்காது. ஆறு மலையை அறுத்துக்கொண்டு போன கணவாய் ஒன்று இருக்கிறது, அதற்குள்தான் 91. ரயில் பாதையும் அதே கணவாயில். தெற்கே லேக் எல்சினோரிலிருந்து ஓர்டேகா நெடுஞ்சாலை ஒன்று மலை ஏறி இறங்குகிறது. அதன் வளைவுகளில் தினம் இரண்டு வேளை போய்வர எல்லோராலும் ஆகாது. ஆக, வாசல் ஒன்றுதான்.

அந்த வாசலின் கதையைக் கேளுங்கள். 1995 கடைசியில் 91இன் நடுவே கட்டணத் தடங்களைத் திறந்தார்கள், தனியார் முதலீட்டில். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: பக்கத்தில் இருக்கும் இலவசத் தடங்களை அரசாங்கம் அகலப்படுத்தக் கூடாது! நெரிசல் தீர்ந்தால் அவர்கள் தடத்துக்கு யார் காசு கொடுத்து வருவார்கள்? இந்தப் பக்கம் வீடுகள் பெருகப் பெருக நெரிசல் முற்றியது, ரிவர்சைடு கவுண்டிக்காரர்கள் கொதித்துப்போய் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2003இல் ஆரஞ்சு கவுண்டிப் போக்குவரத்து ஆணையம் 20.75 கோடி டாலர் கொடுத்து அந்தத் தடங்களையே விலைக்கு வாங்கிய பிறகுதான் ஷரத்து ஒழிந்தது. 2017இல் கட்டணத் தடம் கொரோனாவில் ஐ-15 நெடுஞ்சாலைச் சந்திப்பு வரைக்கும் நீண்டது. கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும். வாரக் கடைசி நெருங்கும் மாலைகளில் கிழக்கே வரும் பக்கத்தின் கட்டணப் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக் கடன் கணக்கைப் போடுங்கள்.

விடியற்காலை நாலரைக்குக் கொரோனாவில் ஏறினாலே முன்னால் சிவப்பு விளக்கு வரிசை தெரியும். எங்கள் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் ஐந்தரை மணிக்கே பாதி கார்கள் வந்திருக்கும். உள்ளே ஆள் இருக்கையைச் சாய்த்து, கண்ணாடியில் வெயில்மறைப்பு அட்டையைச் சொருகி, போர்வையோடு தூங்கிக்கொண்டிருப்பார். எட்டு மணிக்குப் பல் துலக்கிவிட்டு வேலைக்குப் போவார். இதற்குப் பழகிவிடலாம். பழகிவிடுகிறோம் என்பதுதான் எனக்குக் கோபம்.

ஆய்வுமேசை

ரயிலையும் சொல்லிவிடுங்கள் அண்ணா. மெட்ரோலிங்கின் இன்லேண்ட் எம்பயர்–ஆரஞ்சு கவுண்டி தடம் ரிவர்சைடு டவுன்டவுன், லா சியரா, கொரோனா வழியாக நேரே அர்வைனுக்கே போகிறது. அலுவலகம் அர்வைன் ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. வண்டிகள் குறைவு, மாலையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அர்வைன்_வாடகை

அலுவலகம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம்தான். நல்ல தகவல், நன்றி. மாக்னோலியா ஐயா, நகரத்துக்குள் என்ன இருக்கிறது? சுற்றியுள்ள ஊர்களைப் படத்தில் பார்த்தால் ஓட்டுக்கூரை வீடுகளும் கடைவளாகங்களும் எல்லாம் ஒரே அச்சு போலத் தெரிகின்றன.

மாக்னோலியா_சாலை

இதற்குத்தான் காத்திருந்தேன்.

மாக்னோலியா சாலையும் ஆர்லிங்டன் சாலையும் சந்திக்கும் முனையில் துண்டு நிலம் ஒன்று இருக்கிறது. சுற்றி இரும்பு வேலி, அதற்குள் மெல்லிய வலைத்துணியில் ஒரு பெரிய கூடாரம். கூடாரத்துக்குள் ஒரே ஒரு ஆரஞ்சு மரம். சுற்றுலாக்காரர்கள் கூட்டமெல்லாம் வராது, வண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேலி ஓரமாக நின்று உற்றுப் பார்த்தால் வலைக்குள்ளே இலையும் பழமும் மங்கலாகத் தெரியும்.

நீங்கள் கடையில் வாங்குகிற விதையில்லாத நேவல் ஆரஞ்சுக்கு இந்த மரம்தான் இங்கே மூதாய். பிரேசிலின் பாஹியாவிலிருந்து வாஷிங்டனின் வேளாண் துறைக்கு வந்த வகை அது. அங்கிருந்து எலைசா டிபெட்ஸ் என்ற அம்மாள் கன்றுகளை வரவழைத்தார், 1873இல். ஊரே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஜான் நார்த் என்பவர் 1870இல் ஆட்களைத் திரட்டி வந்து தொடங்கிய குடியிருப்பு. டிபெட்ஸ் வீட்டுக்குக் கால்வாய்த் தண்ணீர் கிடைக்கவில்லை, அந்த அம்மாள் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றித்தான் மரத்தைப் பிழைக்க வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு மரம் தேறியது. பழத்தில் விதை கிடையாது என்பதால் பெருக்க ஒரே வழி ஒட்டுக் கட்டுவது. அப்படி ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் போய்க் கலிஃபோர்னியா முழுக்கத் தோப்பானது. 1890களில் ஆள்வீதக் கணக்கில் நாட்டின் பணக்கார ஊர்களில் ஒன்று என்று ரிவர்சைடைச் சொல்லும் நிலை வந்தது. ஒரு மரத்தை 1903இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையால் மிஷன் இன் ஓட்டல் முற்றத்தில் மாற்றி நட்டார்கள், அது பின்னாளில் பட்டுப்போனது. மற்றது கூடாரத்துக்குள் இருப்பது.

மிஷன் இன் என்ற பெயரைப் பார்த்து ஸ்பானியப் பாதிரியார்கள் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். ரிவர்சைடில் மிஷன் (அந்தப் பாதிரியார்களின் மடம்) எதுவும் எந்தக் காலத்திலும் கிடையாது. ஃப்ராங்க் மில்லர் என்ற ஓட்டல்காரர் குளிர்காலத்தில் வரும் பணக்காரப் பயணிகளை மயக்க மணிக்கூண்டு, வளைவு, தேவாலயம் என்று அள்ளிப் போட்டுக் கட்டியது. நிக்சன் கல்யாணம் 1940இல் இங்கேதான். ரேகன் தம்பதி 1952இல் தேனிலவுக்கு வந்ததும் இங்கேதான். வருடக் கடைசியில் விளக்கு அலங்காரம் செய்வார்கள், நகர மையத்தில் கால் வைக்க இடமிருக்காது.

தோப்புகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் தெற்கே ஆர்லிங்டன் ஹைட்ஸ் பக்கம் இன்னும் பசுமையாக இருக்கிறது. 1979இலும் 1987இலும் நகர மக்களே வாக்களித்து அங்கே மனைகளைச் சின்னச் சின்னதாக வெட்டக் கூடாது என்று நிறுத்தியதால்தான். சுற்றியுள்ள ஊர்கள் எதிலும் இப்படி ஒரு காரியம் நடந்ததாக எனக்குத் தெரியாது.

ஆய்வுமேசை

கூடாரம் எதற்கு என்று சேர்த்துக்கொள்கிறேன். சிட்ரஸ் பச்சையாதல் என்று ஒரு நோய். சைலிட் என்ற குட்டிப் பூச்சி பரப்புகிறது. மரத்துக்கு வந்தால் வைத்தியம் கிடையாது, பழம் கோணலாகிப் பச்சையாகவே உதிர்ந்து, மரம் சில வருடத்தில் போய்விடும். ஃப்ளோரிடா தோப்புகளை அழித்தது இதுதான். 2017இல் ரிவர்சைடு நகர வீடுகளின் மரங்களிலேயே கண்டுபிடித்தார்கள். அதனால்தான் மூதாய்க்கு வலை. இதற்கு முன்பும் ஒரு கண்டம் வந்தது. 1918இல் வேர் அழுகியபோது, பக்கத்தில் புதுக் கன்றுகளை நட்டு அவற்றின் தண்டை மரத்தோடு ஒட்டி, வேரையே மாற்றிவிட்டார்கள்.

அதைச் செய்தது 1907இல் தொடங்கிய சிட்ரஸ் ஆராய்ச்சி நிலையம். அந்த நிலையத்தைச் சுற்றித்தான் 1954இல் யுசி ரிவர்சைடு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம்) கல்லூரியாகத் திறந்தது. எங்கள் வளாகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிட்ரஸ் வகைகளை வளர்க்கிறார்கள். எலுமிச்சை என்று நம் வீட்டில் ஒன்றைத்தான் தெரியும், இங்கே வந்து பார்த்தால் தலை சுற்றும். 2013இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. உள்நாட்டுப் பக்கம் டாக்டர்கள் ரொம்பக் குறைவு, படித்தவர்கள் இங்கேயே தங்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கியது.

வேலிக்கு_வெளியே

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய அம்மாள் கதை எல்லோருக்கும் தெரியும். பழத்தைப் பறித்தது யார்?

முதலில் சீனர்கள். ஊர் மையத்தில் இருந்த அவர்களின் குடியிருப்பை ஊருக்கு வெளியே தள்ளினார்கள், 1893இல் அதுவும் எரிந்துபோனது. அப்புறம் ஜப்பானியர், கொரியர், மெக்சிகோக்காரர். கொரியத் தலைவர் ஆன் சாங் ஹோ 1904, 1905 வாக்கில் இங்கே ஆரஞ்சு பறித்துக்கொண்டே தம் மக்களுக்கு ஒரு குடியிருப்பு அமைத்தார். பச்சாப்பா முகாம் என்று பெயர், அமெரிக்காவில் கொரியர்கள் திட்டமிட்டு அமைத்த முதல் ஊர் அதுதான். இப்போது நகர மையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. காந்திக்கும் இருக்கிறது.

லெமன் தெருவில் ஹராடா வீடு என்று ஒன்று உண்டு. ஜுகிச்சி ஹராடா உணவகம் நடத்தியவர். ஜப்பானியர் நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் மாநிலச் சட்டம் வந்தது. அவர் 1915இல் இங்கே பிறந்த தம் மூன்று குழந்தைகளின் பெயரில் வீட்டை வாங்கினார். அக்கம்பக்கத்தார் கூடி மாநில அரசையே வழக்குப் போட வைத்தார்கள். 1918இல் நீதிபதி ஹியூ கிரெய்க், இங்கே பிறந்த குழந்தைகள் இந்நாட்டுக் குடிமக்கள், சொத்து அவர்களுடையதுதான் என்று தீர்ப்பளித்தார். ஜெயித்தார்கள். 1942இல் அதே குடும்பத்தைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது அரசு. புறப்பட்ட நாளையும் நேரத்தையும் மகன் ஒருவர் மாடிப் படுக்கையறைச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போனார். தாயும் தந்தையும் முகாமிலேயே இறந்தார்கள். மகள் சுமி திரும்பி வந்து, முகாம்களிலிருந்து வீடிழந்து வந்தவர்களுக்கு அந்த வீட்டில் இடம் கொடுத்தார். இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம்.

ஊர்ச் சுற்றுலாவில் ஓட்டலைக் காட்டுவார்கள். லெமன் தெருவுக்கு நீங்களே போய்ப் பாருங்கள், நடக்கிற தூரம்தான்.

மாக்னோலியா_சாலை

நியாயமான பேச்சு. நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியர், முதல் இந்தியர் தலீப் சிங் சௌந்த், இந்தத் தொகுதியிலிருந்துதான் போனார். அப்போது ரிவர்சைடு, இம்பீரியல் இரண்டு கவுண்டியும் சேர்ந்த தொகுதி. பஞ்சாபில் பிறந்து, பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்தார். 1946வரை இந்தியர்கள் இங்கே குடியுரிமையே கேட்க முடியாது. பத்து வருடம் கழித்து 1956 தேர்தலில், புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் காக்ரனை எதிர்த்து நின்று ஜெயித்தார். அந்த அம்மாள் இண்டியோ பக்கம் பெரிய பண்ணை வைத்திருந்த பணக்காரர். தெமெக்குலாவில் ஒரு தபால் நிலையத்துக்குச் சௌந்த் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பார்சல் அனுப்பப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் பலகையைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

கிடங்குப்பக்கம்

வரலாறு நன்றாக இருக்கிறது, நிகழ்காலத்துக்கு வருவோமா? நான் மொரினோ வேலி.

இங்கே விமானப்படைத் தளம் இருந்தது, மார்ச் தளம். 1996இல் அதைச் சுருக்கி ரிசர்வ் தளமாக்கினார்கள், வேலைகள் போயின. பிறகு வந்தவை கிடங்குகள். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் நாட்டுக்கு வரும் கண்டெய்னர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. அதைப் பிரித்து அடுக்கச் சமதளமான, விலை குறைந்த நிலம் வேண்டும், 60, 215, 10, 15 என்று நாலு நெடுஞ்சாலை வேண்டும். எல்லாம் இங்கே இருக்கிறது. ஒரு காலணிக் கம்பெனியின் கிடங்கு மட்டும் 18 லட்சம் சதுர அடி. 2015இல் நகரமன்றம் அனுமதித்த வேர்ல்டு லாஜிஸ்டிக்ஸ் சென்டர் திட்டம் 4 கோடி சதுர அடி. கூரையை மட்டும் அளந்தால் 900 ஏக்கருக்கு மேல்! வழக்கு வழக்காகப் போய் 2021இல்தான் சமரசம்.

எங்கள் தெருமுனையில் லாரிகள் திரும்பக் கூடாது என்று பலகை இருக்கிறது. திரும்புகின்றன. பின்னால் எடுக்கும்போது வரும் அந்த பீப் சத்தம் ராத்திரி இரண்டு மணிக்கும் கேட்கும். வெள்ளைச் சுவர், ஜன்னல் கிடையாது, நூறு லாரிக் கதவு வரிசையாக. முன்னால் அலங்காரத்துக்கு நாலு ஈச்ச மரம். பையனுக்கு இன்ஹேலர் இல்லாமல் ஆகாது. லாரிப் புகைதான் காரணம் என்று நான் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் அவன் வகுப்பில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை அவன் ஒருவன் மட்டும் இல்லை.

எண்கணக்கன்

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 2008க்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்பதையும் வைத்துப் பேச வேண்டும். அதுவரை இந்தக் கவுண்டியின் தொழிலே வீடு கட்டுவதுதான். தச்சர், ஓடு பதிப்பவர், கடன் முகவர் என்று அத்தனை பேர் வயிறும் அதை நம்பித்தான். கடன் குமிழி உடைந்ததும் சராசரி வீட்டு விலை பாதிக்கும் கீழே போனது, 2010இல் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. ஒரே தெருவில் நாலைந்து வீட்டு முன்புல் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும், கதவில் வங்கி நோட்டீஸ். அந்த ஆட்களுக்கு மறுபடி சம்பளம் கொடுத்தது கிடங்குகள்தான். கல்லூரிப் பட்டம் இல்லாதவர் என்ன செய்வார்? பக்கத்திலேயே வேலை இருந்தால் 91இல் போய் நிற்க வேண்டாமே.

கிடங்குப்பக்கம்

பக்கத்திலேயே வேலை, சரி. என்ன வேலை? பண்டிகைக் காலத்துக்கு ஆள் எடுத்து ஜனவரியில் அனுப்பும் ஒப்பந்த வேலை. இப்போது ரோபோவும் வருகிறது. அந்தச் சம்பளத்தில் இங்கேயே ஒரு வீடு வாங்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள், உங்கள் பெயரே அதுதானே.

2021இல் தென்கரைக் காற்றுத் தர வாரியம் பெரிய கிடங்குகளுக்கு விதி போட்டது. லாரிப் புகையைக் குறைக்க ஏதாவது செய்து புள்ளி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும். 2024இல் ஏபி 98 என்ற மாநிலச் சட்டம் வந்தது, புதுக் கிடங்குகள் வீடு, பள்ளிகளிலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்று. ஏற்கெனவே கட்டியாகிவிட்ட எங்கள் பக்கத்துக்கு அதனால் என்ன? வீடு பார்க்கிறவருக்கு என் ஒரே யோசனை: பக்கத்தில் காலி நிலம் இருந்தால் "அழகான காட்சி" என்று மயங்காதீர்கள். நகராட்சித் திட்டத்துறையில் அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அர்வைன்_வாடகை

இது யாருமே சொல்லாத விஷயம். முகவர் அனுப்பிய ஒரு வீட்டுக்குப் பின்னால் காலி நிலம்தான் இருக்கிறது, விசாரிக்கிறேன். செலவு விஷயம்? விலையும் வட்டியும் தெரியும். வேறு எது கையைக் கடிக்கும்?

எண்கணக்கன்

மெல்லோ-ரூஸ். இதை முதலில் பாருங்கள்.

1978இல் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவின்படி சொத்து வரி வாங்கிய விலையில் 1 சதவீதம், மதிப்பீடு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். ஆனால் புது ஊருக்குச் சாலை, சாக்கடை, பள்ளி, தீயணைப்பு நிலையம் கட்டப் பணம்? 1982இல் மெல்லோ, ரூஸ் என்ற இரண்டு சட்டமன்றத்தினர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தக் குடியிருப்பின் பெயரில் பத்திரம் விற்றுக் கடன் வாங்கலாம், குடிவருகிறவர்கள் தனி வரியாகக் கட்டித் தீர்க்க வேண்டும். பத்திரம் தீர இருபது, முப்பது வருடம்கூட ஆகும். ஈஸ்ட்வேல், மெனிஃபி மாதிரி புதுப் பகுதிகளில் இதையெல்லாம் சேர்த்தால் 1.8, 2 சதவீதம்வரைகூடப் போகும். மேலே எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்க) மாதக் கட்டணம். விளம்பரத்தில் "குறைந்த வரி" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், விற்பவரின் கடந்த வருட வரி ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

ரிவர்சைடு நகரத்தின் பழைய பகுதிகளில், உதாரணமாக வுட் ஸ்ட்ரீட்ஸ் பக்கம், இது கிடையாது. 1920கள், 30களில் கட்டிய வீடுகள். அதற்குப் பதிலாகக் குழாய், மின்கம்பி, கூரை எல்லாம் உங்கள் தலையில். இன்னொரு நல்லது: மின்சாரமும் தண்ணீரும் நகராட்சியே நடத்துகிறது. பக்கத்து ஊர் நண்பர்களின் ஜூலை, ஆகஸ்டு மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

தீ காப்பீடு தனித் தலைவலி. மலையடிவாரம், காய்ந்த புதர் பக்கம் என்றால் பல கம்பெனிகள் புதிதாக எடுப்பதே இல்லை. என்னுடையதை இருபது வருடப் பழக்கம் என்றுகூடப் பார்க்காமல் ஒரு கடிதத்தில் முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் காப்பீட்டு விலையைக் கேட்டுவிடுங்கள்.

தெமெக்குலா_தென்றல்

வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே! ரிவர்சைடில் ஜூலை முதல் செப்டம்பர்வரை 38, 40 டிகிரி சகஜம். ஈரப்பதம் இல்லாததால் சென்னை மாதிரி வேர்த்து ஊற்றாது, ராத்திரி குளிர்ந்துவிடும். காற்றுத்தான் பிரச்சினை. கடல்காற்று லாஸ் ஏஞ்சலஸ் புகை மொத்தத்தையும் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும், மலை தடுக்கும், வெயிலில் அது ஓசோனாக மாறி இங்கேயே நிற்கும். 1970களை ஒப்பிட்டால் இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் கோடையில் சில நாள் எதிரே இருக்கும் மலை தெரியாது. மாநிலக் காற்று வள வாரியம் தன் பெரிய வாகனப் புகை ஆய்வகத்தை 2021இல் ரிவர்சைடிலேயே திறந்தது. நோயாளி பக்கத்திலேயே ஆஸ்பத்திரி!

எங்கள் தெமெக்குலாவில் மலை இடைவெளி வழியாக மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும், திராட்சைத் தோட்டம் இருப்பதே அதனால்தான். ஆனால் நாங்கள் சான் டியேகோ பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். அர்வைனுக்கு இங்கிருந்து வர நினைக்காதீர்கள். கோச்செல்லா பள்ளத்தாக்கு உங்களுக்கு இன்னும் தூரம், கோடையில் 45ஐத் தாண்டும். பேரீச்சம்பழம் வாங்க ஒரு குளிர்கால சனிக்கிழமை போய்வாருங்கள், அது போதும்.

அர்வைன்_வாடகை

மளிகை, கோயில், நம் ஆட்கள்?

ஆய்வுமேசை

அர்வைனில் இருந்து வந்தால் ஆரம்பத்தில் வெறிச்சென்று இருக்கும் அக்கா. ஈஸ்ட்வேல், கொரோனா பக்கம் இந்தியக் குடும்பங்கள் பெருகிவிட்டன, அங்கே கடைகளும் உண்டு. பெரிய ஷாப்பிங் என்றால் இந்தியக் கடைத்தெரு இருக்கும் ஆர்டீசியா போவோம். கோயிலுக்குச் சினோ ஹில்ஸ் சுவாமிநாராயண் கோயில் பக்கம். நம்மூர் முறைப்படி அர்ச்சனை வேண்டும் என்றால் மாலிபு கோயில்தான், அதற்கு ஒரு நாளை ஒதுக்க வேண்டும். ஹைதராபாத் எங்கள் ஊருக்கு சகோதர நகரம், ஆனால் அதனால் பிரியாணிக்கு ஒன்றும் நன்மை ஏற்படவில்லை.

கணவாயில்_நிற்பவன்

வீடு பார்க்க ஞாயிறு காலை வராதீர்கள். முகவர் அப்படித்தான் கூப்பிடுவார், சாலை காலியாக இருக்கும். வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே கிளம்பி வாருங்கள். மறுநாள் ரயிலிலும் ஒரு முறை.

அர்வைன்_வாடகை

அப்படியே செய்கிறோம். மெனிஃபியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன். ரிவர்சைடு டவுன்டவுன் ரயில் நிலையத்துக்குப் பக்கம் இரண்டு பழைய வீடும், கொரோனாவில் ஒன்றும் பார்க்கப் போகிறோம். என் கணவருக்கு ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள்: நார்கோ என்று ஒரு ஊர் வழியில் வருகிறதே, அங்கே ஆடு வளர்க்கலாமாம், உண்மையா?

மாக்னோலியா_சாலை

உண்மைதான். குதிரைக்காரர்கள் ஊர் அது. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் குதிரைக்கு மண்பாதை போட்டிருப்பார்கள், கடை வாசலில் குதிரையைக் கட்டக் கம்பம் இருக்கும். மனைகள் பெரிது, ஆடு கோழிக்குத் தடையில்லை. எத்தனை என்பது மனை அளவைப் பொறுத்தது, நகராட்சியில் கேட்டால் சொல்வார்கள். விலை மட்டும் ஆட்டைப் பார்த்துக் குறைக்கமாட்டார்கள்.

கணவாயில்_நிற்பவன்

நார்கோவிலிருந்தும் அதே 91தான் சார். ஆட்டுக்குக் காலை மூன்றரைக்கே தீவனம் வைக்க வேண்டியிருக்கும்.